‘சவாரி’ சவட்டுதலிலிருந்து வந்ததா?

இல்லை. ‘சவாரி’க்கும், காலால் மிதிப்பதைக் குறிக்கும் நம்ம திருநெல்வேலிப் பக்கத்துச் ‘சவட்டு’க்கும் உறவில்லை. ‘சவாரி’ உருது வழியாக வந்த பாரசீகச் சொல். ‘சவார்’ என்றால் குதிரையேறி. பழைய பாரசீகத்தில் ‘அசபார’: ‘அச’ குதிரை, ‘பார’ சுமக்கப்படுபவன். வடமொழி ‘அசுவ’மும் இந்த ‘அச’வும் ஒரே குடும்பம். ஆக, ‘குதிரைச் சவாரி’யில் குதிரை இரண்டு முறை வருகிறது! பாளையங்கோட்டை ஆட்டோக்காரர் ‘சவாரி கிடைக்கல’ என்றாலும் உள்ளே ஒரு குதிரை நிற்கிறது.

குதிரையைக் காலால் இடித்து ஓட்டுவதால் ‘சவட்டு’ பொருந்துவதுபோலத் தோன்றியிருக்கும். வெறும் ஒலி ஒற்றுமைதான்.

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் இரண்டு சொற்களையும் தேடி, மூலமொழிக் குறிப்பை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆனால் சொல் வெளியூர் என்பதால் குதிரையேற்றமே நமக்குப் புதிது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அதற்கு ‘ஊர்தல்’ (ஏறிச் செல்லுதல்) என்ற சொல் இருந்தது. குறள் 37-இல் சிவிகையில் (பல்லக்கில்) போகிறவனும் ‘ஊர்ந்தான்’தான்.