ஜிங்க் கட்டை கரையட்டும்: அவுட்போர்டு மோட்டார் கேள்வி பதில்

நொச்சிக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில் பூட்டிய புது ஜிங்க் (துத்தநாக) கட்டை அதற்குள் பாதி கரைந்துவிட்டது. போலி சரக்கா?

போலி இல்லை தம்பி, கரைவதுதான் அதன் வேலை. உப்புத் தண்ணீரில் இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு நின்றால் பேட்டரி மாதிரி மின்சாரம் ஓடும், அதில் ஒன்று அரிபடும். ஜிங்க் இல்லையென்றால் அரிபடுவது அலுமினிய கீர்பாக்ஸ். பாதி போனதும் மாற்றிவிடுங்கள். மாதக்கணக்கில் கடலில் ஓடியும் புதுசாகவே இருந்தால்தான் எனக்குக் கவலை. மேலே பெயின்ட் பட்டிருக்கும், இல்லை போல்ட் அடியில் அழுக்கு அடைத்து உலோகத்தைத் தொடாமல் இருக்கும். சுரண்டிப் பூட்டுங்கள்.

கோவளம்: கீர் ஆயில் பால் மாதிரி வருகிறது. ஓட்டலாமா?

வேண்டாம். தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. நான் பிரித்த மோட்டார்களில் பெரும்பாலும் காரணம் தங்கூசி, அதாவது வலையின் நைலான் நூல்தான். அறுந்த வலைத் துண்டு புரொப்பல்லருக்குப் பின்னால் ஷாஃப்ட்டில் சுற்றி, ஆயில் வெளியே வராமல், தண்ணீர் உள்ளே போகாமல் அடைக்கும் ஆயில் சீலை மெல்ல மெல்ல அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. முதலில் ஸ்பார்க் பிளக் கேப்பைக் கழற்றுங்கள். மோட்டார் தவறிக்கூட ஸ்டார்ட் ஆகக்கூடாது, விரல் போய்விடும். அப்புறம் புரொப்பல்லரை உருவி நூலை எடுங்கள். சீலை மாற்றி, புது ஆயில் ஊற்றிய பிறகே கடலுக்குப் போங்கள். அறுந்த வலை மிதக்கும் இடத்தில் ஓட்டுபவர்கள் மாதம் ஒருமுறையாவது உருவிப் பார்க்க வேண்டும்.

எண்ணூர்: புரொப்பல்லர் உருவவே வரவில்லை, சுத்தியலால் தட்டலாமா?

இறக்கையில் தட்டாதீர்கள், வளைந்தால் மோட்டாரே அதிரும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். திரும்பப் பூட்டும்போது ஷாஃப்ட்டின் பற்கள் முழுக்க மெரைன் கிரீஸ் தடவுங்கள். வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே போடுங்கள். நட் கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் மட்டும் எப்போதும் புதுசு.

பட்டினப்பாக்கம்: ஸ்டெயின்லெஸ் புரொப்பல்லருக்கு மாறலாமா?

மணலில் இழுத்து ஏற்றும் ஃபைபர் படகுக்கு அலுமினியமே போதும் என்பேன். கல்லில் இடித்தால் அது வளைந்து அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஸ்டீல் அந்த அடியைக் கீர் வரை கடத்தும், ஜிங்கும் சீக்கிரம் கரையும்.

பழவேற்காடு: பாசி பிடிக்காத பெயின்ட்டை மோட்டாரின் கீழ்ப்பகுதியில் அடிக்கலாமா?

செம்பு கலந்தது கூடவே கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். அலுமினியத்துக்கென்றே விற்பதைக் கேட்டு வாங்குங்கள்.

காசிமேடு: தினமும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டுமா? தண்ணீருக்கே கஷ்டம் அண்ணே.

கஷ்டம் புரிகிறது, ஆனாலும் கழுவத்தான் வேண்டும். பழைய டிரம் ஒன்றில், தண்ணீர் இழுக்கும் துளை மூழ்கும் அளவு நிரப்புங்கள். நியூட்ரலில், ஐடிலில் 10 நிமிடம் ஓடட்டும். தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள், உள்ளே தண்ணீரை இழுத்துத் தள்ளும் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். டிரம் தண்ணீரைக் கொட்ட வேண்டாம், உப்பு கரிக்காத வரை அடுத்த படகுக்கும் ஆகும்.