கிணற்றுத் தண்ணீரில் யுத்தத்தின் நஞ்சு இருக்கிறதா?

கேள்வி: எங்கள் வீடு மட்டக்களப்பு மாவட்டத்தில் வாகரைப் பக்கம். 2006 இல் இடம்பெயர்ந்து, அடுத்த வருடம் திரும்பி வந்து, வளவுக் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, அந்தத் தண்ணீரையே குடித்து வருகிறோம். அந்நாட்களில் வளவைச் சுற்றி எறிகணைகள் விழுந்திருக்கின்றன. அண்மையில் வடிகட்டி விற்கும் ஒருவர் வந்து, எங்கள் தண்ணீரில் இரண்டு சோடிக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் காட்டினார். தண்ணீர் கலங்கிக் கபில நிறமாகிவிட்டது. இதுதான் வெடிமருந்தின் நஞ்சு, ஊரில் சிறுநீரக நோய் வருவதற்கும் இதுவே காரணம் என்றார். பயத்தில் முற்பணம் கட்டிவிட்டேன். மிகுதியைத் தவணையில் கட்ட வேண்டும். வெடிமருந்து என்பதெல்லாம் கதை, பசளையும் களைநாசினியும்தான் காரணம் என்று மச்சான் வாதாடுகிறார். மகளுக்கு மூன்று மாதக் கைக்குழந்தை இருக்கிறது, புட்டிப்பால்தான் குடிக்கிறது. தண்ணீரைப் பரிசோதிக்கலாம் என்று போனால் ஒரு பணிமனையில் இருந்து இன்னொரு பணிமனைக்கு அனுப்புகிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: யுத்தத்தையும் சிறுநீரகத்தையும் பற்றிப் பேசுவதற்கு முன் குழந்தையின் பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் வீட்டில் உடனடியாகக் கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான். பரிசோதனை முடிவு கைக்குக் கிடைக்கும் வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம். நீர்வழங்கல் சபையின் குழாய்த் தண்ணீரையோ, அது இல்லாவிட்டால் போத்தல் தண்ணீரையோ கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள். வாகரையைப் போன்ற மணற்பாங்கான கரையோர நிலத்தில் மலசலகூடக் குழியில் இருந்தும், மாட்டுப்பட்டியில் இருந்தும், பசளை போட்ட தோட்டத்தில் இருந்தும் நைத்திரேற்று என்னும் உப்பு மணலினூடாக இலகுவாக இறங்கிக் கிணற்றை அடைந்துவிடும். அது பெரியவர்களை அவ்வளவாகப் பாதிக்காது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அது இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்வதைத் தடுத்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கச் செய்யக்கூடியது. கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் நம்புகிறோம். கொதிக்க வைப்பதால் கிருமிகள் சாகும் என்பது உண்மை, ஆனால் நைத்திரேற்று சாவதற்கு உயிருள்ள பொருள் அன்று. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும்.

இப்போது அந்தக் கம்பிகளுக்கு வருகிறேன். உங்கள் கண்முன்னே தண்ணீர் கபில நிறமானதை நீங்கள் பார்த்தீர்கள், அதில் பொய் இல்லை. அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று விற்பனையாளர் சொன்னதுதான் பொய். அந்தச் சாதனத்தின் ஒவ்வொரு சோடியிலும் ஒரு கம்பி இரும்பு, மற்றது அலுமினியம். உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பியே சிறிது சிறிதாகக் கரைந்து துரு மாதிரியான கசடாகத் திரளும். நீங்கள் பார்த்த கபில நிறம் அவர் பையில் கொண்டுவந்த இரும்பின் நிறம். பக்கத்தில் வைத்த அவருடைய வடிகட்டித் தண்ணீர் தெளிவாகவே இருந்திருக்கும், ஏனெனில் அதில் உப்பு ஏறக்குறைய இல்லை, ஆகவே மின்சாரம் பாயாது, கம்பி கரையாது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை அவர் வந்தால், அவருடைய அந்தத் தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை கறியுப்பைப் போட்டு அதே கம்பிகளை விடச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் அதுவும் கபில நிறமாகும். பேனை போன்ற ஒரு கருவியைத் தண்ணீரில் தொட்டு எண்ணைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அது கரைந்த உப்புகளின் மொத்தத்தை மின்கடத்தலை வைத்துக் கணிக்கும் கருவி. கிருமியையோ, ஆசனிக்கையோ, வெடிமருந்தையோ அதனால் அறிய முடியாது. அதே பேனையை ஓர் இளநீரில் விட்டால் எண் ஆயிரத்தைத் தாண்டும். அதற்காக இளநீரை நஞ்சென்று எவரும் சொல்வதில்லை. இந்தக் கம்பி வித்தை இந்தப் பகுதியில் வீடு வீடாக நடக்கிறது. செல் விழுந்த ஊர்களில் யுத்தத்தின் நஞ்சு என்றும், வயல் ஊர்களில் களைநாசினி என்றும், கடலோரத்தில் சுனாமி விட்டுச் சென்றது என்றும் ஒரே கசடுக்கு மூன்று பெயர்கள் சூட்டப்படுகின்றன. சனங்கள் பட்ட துன்பத்தையே விற்பனைச் சரக்காக்கும் இந்த வேலையை நான் கடுமையாக வெறுக்கிறேன்.

அப்படியானால் வெடிமருந்து நிலத்தடி நீருக்குள் போகவே போகாதா என்று நீங்கள் கேட்பது நியாயம். போகும். எறிகணைகளில் பெரும்பாலும் இருப்பவை ரீ.என்.ரி., ஆர்.டி.எக்ஸ். ஆகிய இரண்டு பொருட்கள். ரீ.என்.ரி. மண்ணோடு ஒட்டிக்கொண்டு நுண்ணுயிர்களால் மெல்ல மாற்றமடைகிறது, ஆர்.டி.எக்ஸ். மண்ணில் அதிகம் ஒட்டாமல் மழைநீரோடு கீழிறங்குகிறது. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், கேப் கொட் பகுதியில் இருந்த இராணுவப் பயிற்சித் தளத்தின் கீழுள்ள நிலத்தடி நீரில் ஆர்.டி.எக்ஸ். கலந்து, அதைச் சுத்தப்படுத்த நீண்ட காலம் பாடுபட வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுதும் குடித்தாலும் கேடில்லை என்று அந்த நாடு இவ்விரண்டுக்கும் வகுத்துள்ள ஆலோசனை அளவு லீற்றருக்கு 2 மைக்குரோகிராம் மட்டுமே. அதாவது ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் இரண்டு பங்கு. ஆகவே மச்சான் சொல்வது போல இது வெறும் கதை அல்ல. எனினும் அந்தத் தளம் பல பத்தாண்டுகள் ஒரே இடத்தில் ஓயாமல் சுட்டுப் பழகிய இடம் என்பதையும், முழுமையாக வெடித்த எறிகணை தன் மருந்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் வாயுவாகவும் கரியாகவும் எரித்துவிடுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மருந்தை மண்ணில் விட்டுச் செல்வது அரைகுறையாக வெடித்ததும், வெடிக்காமல் உடைந்து கிடப்பதும்தான். ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் இந்த மாவட்டத்தில், வளவைச் சுற்றிச் சிதறலாக விழுந்து வெடித்த எறிகணைகளின் மிச்சம் இத்தனை மாரிகளுக்குப் பிறகும் உங்கள் கிணற்றில் அபாயமான அளவில் தேங்கியிருக்கும் என்று கருத எனக்கு ஆதாரம் தெரியவில்லை. மேலும், ஆர்.டி.எக்ஸுக்கு நிறமில்லை. எவரும் தண்ணீரில் அதைக் கண்ணால் கண்டு காட்ட முடியாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை நான் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். எறிகணை விழுந்த இடத்தைவிட, ஆயுதம் குவித்து வைத்த இடமும், கொட்டிய இடமும், யுத்தம் முடிந்தபின் மிச்சத்தை எரித்த இடமும்தான் நிலத்துக்குக் கூடிய கேடு செய்கின்றன. முதலாம் உலகப் போரில் பிரான்சின் வெர்டன் பகுதியில் எண்ணற்ற எறிகணைகள் விழுந்தன. இன்றும் அங்கே புல்கூடச் சரியாக முளைக்காத ஒரு சிறு திடல் இருக்கிறது. போர் முடிந்தபின் 1920களில் மிஞ்சிய இரசாயன எறிகணைகளைக் கொண்டுவந்து எரித்த இடம் அது, அதன் மண்ணில் ஆசனிக் மிக அதிகம். நமது நிலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். உங்கள் வளவில், அல்லது மேட்டுப் பக்கமாக அதை அடுத்துள்ள வளவில், எந்தத் தரப்பினதாவது முகாமோ ஆயுதக் களஞ்சியமோ இருந்ததா? வெடிபொருட்களை அங்கே வைத்துச் செயலிழக்கச் செய்தார்களா? திரும்பி வந்து கிணறு இறைத்தபோது சேற்றோடு ரவைக்கூடுகள், துருப்பிடித்த உலோகம், எறிகணைப் பகுதிகள் வந்தனவா? இடம்பெயர்ந்த ஊர்களின் ஆளில்லாக் கிணறுகளைப் பல பொருட்களைப் போட்டு மறைக்கும் குழிகளாகப் பாவித்ததை எல்லோரும் அறிவோம். இவற்றில் ஒன்றுக்கேனும் பதில் ஆம் என்றால், அந்தக் கிணற்றைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தாதீர்கள். மறுபடி சேறு வாரவும் வேண்டாம், ஆளை இறக்கவும் வேண்டாம். 119 இற்கோ அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கோ அறிவித்து, வெடிபொருள் அகற்றும் பிரிவினர் வந்து பார்த்த பிறகே தண்ணீரைப் பற்றிப் பேச வேண்டும். மட்டக்களப்பு 2017 ஜூனில் கண்ணிவெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டதைச் சொல்லி இனிப் பயமில்லை என்பார்கள். அந்த அறிவிப்பு கண்ணிவெடி விதைத்த நிலங்களைப் பற்றியது. ஒரு கிணற்றின் அடிச்சேற்றில் எவரோ போட்டதற்கு அது உத்தரவாதம் ஆகாது. சிறுவர்கள் குளிக்கும், சும்மா கிடக்கும் கிணறுகளுக்கும் இது பொருந்தும். உங்கள் கிணற்றில் அப்படி எதுவும் வரவில்லை என்றால், இந்தப் பந்தியை மறந்துவிட்டு அடுத்ததைப் படியுங்கள்.

சிறுநீரக நோயைப் பொறுத்தவரை, உங்களுக்கும் மச்சானுக்கும் இடையிலான வாதம் ஆதாரம் உள்ள இடத்தைத் தாண்டிப் போய்விட்டது. காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் மதவாச்சி, பதவியா பக்கங்களில் கவனத்துக்கு வந்தது. அம்பாறை மாவட்டத்தில் தெஹியத்தகண்டியும் பாதிக்கப்பட்ட பகுதிதான். கடினத் தண்ணீரும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், வெயிலில் தண்ணீரின்றி உழைப்பது ஆகிய விளக்கங்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றும் முடிவாக நிறுவப்படவில்லை. கிளைபோசேற் களைநாசினியை 2015 இல் நாடு முழுவதும் தடைசெய்து, 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தினார்கள். தடை போட்டதைக் குற்றம் நிரூபணமானதாக மச்சான் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். வெடிமருந்துதான் காரணம் என்ற கூற்றுக்கோ அதைவிடவும் பலம் குறைவு, ஏனென்றால் இதே வகை நோய் இந்தியாவின் ஆந்திரக் கரையோரத்தில், உத்தானம் என்ற தென்னை விவசாயிகளின் பகுதியிலும் பரவியிருக்கிறது. அங்கே எறிகணை எதுவும் விழவில்லை. நம் ஊர்களில் சிறுநீரகத்தைக் கெடுப்பவற்றில் முன்னிற்பவை கட்டுப்படுத்தாத சலரோகமும் இரத்த அழுத்தமும். வீட்டில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் இரத்த அழுத்தம், சீனி, சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் கிரியேற்றினின் ஆகிய மூன்றையும் அரசாங்க வைத்தியசாலையில் பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு நோவுக்கு மருந்துக் கடையில் சொல்லி வாங்கும் குளிசைகளையும் நிறுத்துங்கள்.

இனிப் பரிசோதனை. உங்களை ஏன் அலைக்கழிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்குகிறது, விளங்குவதால் கோபம் குறையவில்லை. கிணறு பிரதேச சபையின் பொறுப்பா, சுகாதாரத்தின் பொறுப்பா, நீர்வழங்கல் சபையின் பொறுப்பா என்று மேசைகளுக்குள் தீராத ஒரு கேள்விக்காகக் குடிக்கிற சனம் பஸ் ஏறி அலைய வேண்டியதில்லை. சுருக்கமான வழி இது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருக்கிறது என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். எழுத்திலும் கொடுத்துத் திகதியிட்ட பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். இரசாயனப் பரிசோதனையை தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் பணம் கட்டிச் செய்விக்கலாம். முழுப் பட்டியலையும் கேட்டுப் பணத்தை விரயமாக்காமல் நைத்திரேற்று, புளோரைட்டு, கடினத்தன்மை, உவர்ப்பைக் காட்டும் குளோரைட்டு, மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஆகியவற்றைக் கேளுங்கள். போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமி நீக்கிய போத்தலை அலசக்கூடாது. ஐஸில் வைத்து அன்றைக்கே ஒப்படையுங்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டுபோய்ப் பயனில்லை. அறிக்கை ஆங்கிலத்தில் வந்தாலும் எண்களை நீங்களே ஒப்பிடலாம்: இலங்கைத் தர நிர்ணயப்படி லீற்றருக்கு நைத்திரேற்று 50 மில்லிகிராம், புளோரைட்டு 1 மில்லிகிராம், கடினத்தன்மை 250 மில்லிகிராம் என்பவை மேல் எல்லைகள், ஈ.கோலை 100 மில்லிலீற்றரில் ஒன்றும் இருக்கக்கூடாது. இந்தப் பட்டியலில் வெடிமருந்து இல்லை, சாதாரணக் குடிநீர்ப் பரிசோதனையில் அதைப் பார்ப்பதும் இல்லை. யுத்தம் நடந்த ஒரு மாகாணத்தில், சந்தேகத்துக்குரிய கிணறுகளுக்காவது அதைப் பார்க்கும் வசதியைச் சாதாரண மக்களின் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். அது இல்லாத வெற்றிடத்தில்தான் கம்பி வித்தைக்காரர் கடை விரிக்கிறார்.

ஈ.கோலை இருந்தால் முதலில் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 50 அடியாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள், பரிசோதகரைக் கொண்டு குளோரின் இடுவியுங்கள், கொதிக்க வைத்துக் குடியுங்கள். இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் தேவையில்லை. நைத்திரேற்றோ புளோரைட்டோ உவர்ப்போ எல்லை மீறினால் மட்டுமே, மென்சவ்வினூடாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வகை வடிகட்டிக்கு அர்த்தம் உண்டு. அப்போதும் அது வடித்துத் தருவதைவிடக் கூடிய தண்ணீரை வெளியே விடும் என்பதையும், மென்சவ்வை மாற்றும் செலவையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள்.

கட்டிய முற்பணத்துக்கு உரிய பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். இயந்திரம் இன்னும் பொருத்தப்படவில்லை என்றால் பொருத்த விடாதீர்கள். தவணைப் பத்திரத்தில் இனி எந்தக் கையொப்பமும் வேண்டாம். விற்றவருக்கு, தண்ணீர் யுத்த நஞ்சு கொண்டது என்று பொய்யாகக் காட்டி விற்றதால் பணத்தைத் திருப்பித் தரும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அறிவித்து, எழுத்துமூலமும் முறையிடுங்கள். பொருளை வாங்கியதில் இருந்து மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால், ஆய்வுகூட முடிவு வரட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.