ஆறு பேர் எழுதி ஆறு பேரும் தேறினால்: தமிழ்ப்பள்ளி அடைவுநிலை பற்றிய கேள்வி பதில்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலாம் ஆண்டுப் பதிவை ஒட்டிப் பெற்றோர் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டப் பள்ளியில் மொத்தமே 38 பிள்ளைகள். டவுன் பள்ளியில் 400 பேருக்கு மேல். அங்கேதான் தேர்ச்சி நன்றாக இருக்கிறது, பெண்ணை அங்கே போடலாம் என்கிறார் வீட்டுக்காரர். சரியா?

அம்மா, விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான் இருந்த பள்ளியில் ஓர் ஆண்டு ஆறு பேர் யுபிஎஸ்ஆர், அதாவது ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வு, எழுதினார்கள். ஆறு பேரும் மலாய்மொழிக் கட்டுரையில் தேறினார்கள். நூறு விழுக்காடு என்று வாசலில் பதாகை கட்டினோம். மறு ஆண்டு ஐந்து பேர் எழுதி இரண்டு பேர் தவறினார்கள். தேர்ச்சி அறுபதுக்கு இறங்கியது. அதே ஆசிரியர், அதே புத்தகம். தவறிய இருவரில் ஒருவன் நான்காம் ஆண்டில்தான் எங்களிடம் வந்து சேர்ந்தவன், அதற்குள் மூன்று பள்ளி மாறியிருந்தான். 400 பேர் உள்ள பள்ளியில் அப்படி ஒரு பையன் இருந்தால் கணக்கில் தெரியவே மாட்டான்.

150 பேருக்குக் குறைந்தால் அரசாங்கம் அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது. நம் தமிழ்ப்பள்ளிகளில் ஏராளமானவை இந்த வகைதான். உங்கள் பள்ளியில் நீங்கள் விசாரிக்க வேண்டியது வேறு. கூட்டு வகுப்பு உண்டா? மாணவர் தொகை முப்பதை நெருங்கிவிட்டால் இரண்டு ஆண்டு பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைப்பார்கள். நானே அப்படிப் பாடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகை நடுவே சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு. இடப்பக்கம் ஒன்றாம் ஆண்டு, வலப்பக்கம் இரண்டாம் ஆண்டு. இடப்பக்கத்துப் பிள்ளை வலப்பக்கத்துக் கணக்குக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லும் நாளும் உண்டு. ஒன்றும் செய்யாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அரை மணி போன நாளும் உண்டு. உங்கள் பள்ளியில் கூட்டு வகுப்பு இல்லை, ஒரு வகுப்புக்கு ஆறேழு பேர்தான் என்றால், ஆசிரியர் உங்கள் பெண்ணின் நோட்டைத் தினமும் பார்க்க முடியும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கேள்வி: யுபிஎஸ்ஆர் போய்விட்டது. பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

யுபிஎஸ்ஆர் 2021இல் அகற்றப்பட்டது. இப்போது வகுப்புசார் மதிப்பீடு, அதாவது ஆசிரியரே வகுப்பில் பிள்ளையைப் பார்த்து மதிப்பிடுவது. அடைவுநிலை 1 முதல் 6 வரை. மூன்று என்றால் குறைந்தபட்ச அளவுக்குக் கற்றிருக்கிறான். ஒன்றும் இரண்டும் என்றால் இன்னும் எட்டவில்லை. நான்காம் ஆண்டு முதல் ஆண்டிறுதித் தேர்வும் உண்டு. அறிக்கை அட்டையில் கையெழுத்து மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பாமல், இரண்டு வந்த பாடத்தில் பையனுக்கு என்ன தெரியவில்லை என்று ஆசிரியரிடம் கேளுங்கள்.

கேள்வி: தமிழ்ப்பள்ளியில் போட்டால் மலாய்மொழி வராது, இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் ஓராண்டு வீணாகும் என்கிறார்களே சார்?

இந்தப் பயம் நியாயமானது, ஒதுக்கிவிட முடியாது. ஆறாம் ஆண்டு முடிவில் மலாய்மொழி பலவீனமாக இருக்கும் பிள்ளை இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குமுன் புகுமுக வகுப்புக்குப் போகிறது. மலாய்மொழியில் நடக்கும் தேசியப் பள்ளியைவிட நம் பள்ளியில் மலாய்மொழிக்கு நேரமும் குறைவு.

ஒரு பையனை நினைக்கிறேன். ஐந்தாம் ஆண்டு. மலாய்ப் பத்தியைத் தங்குதடையின்றி வாசிப்பான், குரலும் கணீரென்று இருக்கும். ‘மெஞ்சுவால்’ என்றால் என்னப்பா என்றேன். முழித்தான். ‘ஜுவால்’ என்றேன். “விக்கிறது சார்!” வேர்ச்சொல் தெரிகிறது, முன்னொட்டு சேர்ந்ததும் சொல் அந்நியமாகிவிடுகிறது. வாசிக்கிறான் என்பதால் புரிகிறது என்று நாங்கள் நான்கு ஆண்டு நம்பிக்கொண்டிருந்தோம். அது எங்கள் தவறு. அதற்குப்பின் தினமும் பத்து நிமிடம், ஐந்து சொல், வேரைப் பிரிப்பது, வாக்கியத்தில் வைப்பது. வேறொன்றும் செய்யவில்லை. அவன் புகுமுக வகுப்புக்குப் போகவில்லை.

தோட்டத்துப் பிள்ளைக்கு மலாய் காதில் விழும் இடம் கடைதான். டவுன் பிள்ளைக்குப் பக்கத்து வீடே உண்டு. ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே கவனியுங்கள். ஆறாம் ஆண்டில் டியூஷனுக்கு ஓடுவது காலம் கடந்த வேலை.

கேள்வி: தோட்டப் பள்ளிகளில் ஏன் இப்படிப் பிள்ளைகள் குறைந்துபோனார்கள்?

1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புக்கு, பக்கத்திலேயே பள்ளி முளைத்தது அப்படித்தான். சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 528. தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது அன்றைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பணம் திரட்டி, தோட்டங்களைத் தொழிலாளர் பேரில் வாங்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நம் ஊர்க்காரர். அவ்வளவு செய்தும் ஆள் போவது நிற்கவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அதற்கு ஆள் குறைவு. வந்த ஆட்களும் இந்தோனேசியா, வங்காளதேசத்துக்காரர்கள். நம் சனம் டவுன் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டது. பிள்ளைப்பேறும் குறைந்துவிட்டது. பள்ளியை மூடாமல், அதன் உரிமத்தைப் பிள்ளைகள் இருக்கும் தாமானுக்கு (டவுன் குடியிருப்புப் பகுதிக்கு) மாற்றுவதுதான் நடைமுறையில் பலன் தந்த வழி.

கேள்வி: அண்ணன் மகளுக்குப் பிறப்புப் பத்திரத்தில் சிக்கல். பள்ளியில் சேர்ப்பார்களா?

தாய் தகப்பனில் ஒருவர் மலேசியக் குடிமகனாக இருந்தால் சேர்த்துக்கொண்டு, பத்திரம் எடுக்க அவகாசம் தருகிறார்கள். தலைமையாசிரியரிடம் போங்கள், மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் அவர் வழி காட்டுவார். ஏழு வயதாகியும் வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: நான் தனியாளாக மகனை வளர்க்கிறேன், ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். வாரத்தில் ஒரு நாளாவது பள்ளி தவறிவிடுகிறது. அதனால்தான் மட்டமாக இருக்கிறானா?

பெரும்பாலும் ஆமாம் தங்கச்சி. உங்களைக் குறை சொல்லவில்லை. வருகைப் பதிவேட்டையும் மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். பின்தங்கிய பிள்ளைகளில் பலருக்குத் திங்கட்கிழமைகளில் வரிசையாக வராததைக் குறிக்கும் வட்டம் இருக்கும். திங்கள் புதுப் பாடம் தொடங்கும் நாள். வாரம் ஒன்று என்றால் ஐந்தில் ஒரு பங்கு பள்ளி போகிறது.

துணை உணவுத் திட்டத்தில் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். காலைப் பசியாறல் பள்ளியில் கிடைத்தால் நீங்கள் ஷிப்ட் முடிந்து வந்து அடுப்பு பற்ற வைக்க வேண்டியதில்லை. வேன் கட்டணம்தான் இடைஞ்சல் என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரிடம் தயங்காமல் சொல்லுங்கள், அதே லயத்திலிருந்து வரும் இன்னொரு வீட்டாரோடு சேர்த்துவிடலாம். எந்தத் தோட்டம் என்று எனக்கு எழுதுங்கள், அங்கே பழைய மாணவர் யாராவது இருப்பார், நான் பேசுகிறேன்.