முதல் ஒப்படை எதைப் பற்றி? – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

வன்னியில் இளமாணி மாணவர்களுக்கு இதழியல் கற்பிக்கிறேன். எனக்கு இது முதல் வருடம். வகுப்பில் அரைவாசிப் பேர் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்ப் பிள்ளைகள். 2009இல் நாலு, ஐந்து வயதில் இருந்தவர்கள். முதல் ஒப்படையாக 'உங்கள் ஊரில் ஒரு செய்தி' என்று கொடுத்தேன். வந்தவற்றில் பெரும்பாலானவை காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்களைப் பற்றியவை. கண்ணீர் நிறைய இருக்கிறது. திகதி இல்லை, இடம் இல்லை. ஒன்றில் மகனின் பெயரே இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்தது. அடுத்த ஒப்படையைக் குளம், பஸ், பிரதேச சபை என்று வைக்கலாம் என்றேன். ஒரு மாணவி எழும்பி, "எங்கட சனத்தின்ர கதையை எழுதத்தானே சேர் இந்தப் பாடத்துக்கு வந்தனாங்கள், பஸ் ஓடுற நேரத்தை எழுதவா?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் வரவில்லை. நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்? இன்னொன்று, செய்தி சேகரிக்க வெளியே அனுப்பினால் வீடுகளில் பயப்படுகிறார்கள். பெயர் போட வேண்டாம்.

– ஒரு விரிவுரையாளர், வவுனியா

அன்பின் தம்பிக்கு,

அந்தப் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அப்படியொரு மாணவி வகுப்பில் இருப்பது உங்களுக்குக் கிடைத்த பேறு. அவளை மடக்கிப் பேசி உட்கார வைக்க வேண்டாம். அவள் எழுத விரும்புவதை எழுதத்தான் வேண்டும். அது நிற்க வேண்டுமானால் குளத்தையும் பஸ்ஸையும் எழுதித்தான் அங்கே போய்ச் சேர முடியும். நான் என்றால் அவளுக்கு முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயைச் சொல்லியிருப்பேன்.

2023 ஜூன் 29 அன்று அங்கே குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தைத் தோண்டினார்கள். அப்போதுதான் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. பிறகு நீதிமன்ற உத்தரவின்படி கட்டம் கட்டமாக அகழ்வு நடந்து, 2024இல் முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. இந்த மண்ணின் மிகப் பெரிய செய்திகளில் ஒன்று ஒரு குடிநீர்த் திட்டத்தில் தொடங்கியது. எந்த வீதி, வேலையை எந்தத் திணைக்களம் கொடுத்தது, எத்தனை அடி ஆழத்தில் மண்வெட்டி நின்றது, முதலில் கண்டவர் யாருக்குச் சொன்னார், பொலிசார் எத்தனை மணிக்கு வந்தார்கள்? இந்தக் கேள்விகள் குழாய் வேலையையும் வீதி வேலையையும் எழுதிப் பழகிய ஒரு நிருபரின் வாயில்தான் தன்பாட்டில் வரும். கொழும்பிலிருந்து அடுத்த நாள் வருபவருக்கு அந்த ஒழுங்கை எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அடுத்தது கிளிநொச்சியின் இரணைமடுக் குளம். 2018 டிசெம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீட்டுக்குள் வந்தது உங்கள் மாணவர் பலருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். வான்கதவுகளைப் பிந்தித் திறந்ததால்தான் வெள்ளம் வந்தது என்று ஒரு பக்கம் குற்றஞ்சாட்டியது. மழையின் அளவு அப்படி என்று மறுபக்கம் சொன்னது. விசாரணையும் வைத்தார்கள். பத்திரிகைகளில் அந்த நாட்களில் வந்தவற்றை எடுத்து மாணவர்களின் கையில் கொடுத்துப் பாருங்கள். குற்றச்சாட்டு இருக்கும், மறுப்பு இருக்கும். எந்த மணிக்குக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது, எந்தக் கதவு எந்த மணிக்கு எவ்வளவு உயர்த்தப்பட்டது, உத்தரவிட்டவர் யார் என்பதைத் தேடி ஒவ்வொரு செய்தியிலும் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போட முடியாத செய்திகளே எத்தனை என்று அவர்களே எண்ணட்டும். அடுத்த மாரிக்கு முன்னால் ஆளுக்கொரு குளத்துக்குப் போய், நீர்மட்டத்தை யார் பார்க்கிறார், எந்தப் புத்தகத்தில் பதிகிறார், அந்தப் புத்தகத்தைப் பொதுமகன் ஒருவர் கேட்டால் காட்டுவார்களா என்று எழுதி வரட்டும். சிறுபோகத்துக்கு, அதாவது மாரி முடிந்து வரும் கோடைப் பயிருக்கு, எவ்வளவு காணி விதைப்பது என்று தீர்மானிக்கும் கூட்டத்துக்கும் அனுப்புங்கள். தண்ணீர் யாருக்கு, எவ்வளவு என்பதைவிடப் பெரிய அரசியல் வன்னியில் என்ன இருக்கிறது?

இப்போது அந்த மாணவி சொன்ன 'எங்கட சனத்தின்ர கதை'க்கு வருகிறேன்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகள் எங்கே என்று கேட்டு அம்மாக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே ஓர் அம்மாவின் ஃபைலை முழுதாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மேலே மகனின் படம், லமினேட் ஓரம் பிரிந்து உள்ளே ஈரம் போயிருந்தது. அதற்குக் கீழே பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைச் சங்கத்தில் பதிந்த துண்டு, 2010இல் வந்த நல்லிணக்க ஆணைக்குழுவுக்குக் கொடுத்த கடிதம், 2013இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவின் அழைப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொலித்தீன் உறையில் வைத்திருந்தார். ஒரு கடிதத்தில் மகனின் வயது 19, இன்னொன்றில் 21. கேட்டேன். "முதல் எழுதித் தந்தவர் அவசரத்தில எழுதினவர் தம்பி. பிறகு மாத்தித் தரச் சொல்ல ஆளைக் காணேல்ல" என்றார். அந்த இரண்டு வயது வித்தியாசத்தை வைத்தே இன்னோர் அலுவலகம் அவரிடம் மறுபடி மறுபடி கேள்வி கேட்டிருக்கிறது.

உங்கள் மாணவர் ஒருவர் பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்தார் என்றீர்களே. அதற்குப் பாதிப் புள்ளியைக் குறைத்துவிட்டு விடாதீர்கள். இந்த அம்மாவின் கதையைச் சொல்லி, அந்தப் பிள்ளையைத் திரும்ப அந்த வீட்டுக்கே அனுப்புங்கள். பிறப்புச் சான்றிதழைப் பார்த்து எழுதி வரட்டும். இந்த அம்மாக்கள் ஆணைக்குழுக்களுக்கும் அலுவலகங்களுக்கும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் அதே கதையைச் சொல்லிச் சொல்லிக் களைத்தவர்கள். கேட்டுப் போனவர்களில் எழுதியதைத் திரும்பக் கொண்டுவந்து காட்டியவர்கள் மிகக் குறைவு. உங்கள் வகுப்பில் ஒரு சட்டம் போடுங்கள்: ஃபைலை முதலில் வாசிக்க வேண்டும், அதில் பதில் இருக்கும் எதையும் அம்மாவிடம் திரும்பக் கேட்கக் கூடாது, எழுதி முடித்ததும் போய் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் ஞாபகத்தில் இருக்கும் திகதியும் கடிதத்தில் இருக்கும் திகதியும் பொருந்தாவிட்டால் இரண்டையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்றும் எழுத வேண்டும். அழுததை எழுதலாம். ஆனால் அழ வைக்கப் போகக் கூடாது.

இதைச் சொல்லும்போது யூடியூப் உதவி வீடியோக்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கணவரை இழந்த பெண் ஒருத்தி, பின்னால் ஓலை வேலி, கையில் அரிசிப் பை, கமராவைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த வீடியோ போயிருக்கும். உங்கள் மாணவர்கள் ஊடகம் என்று தினமும் பார்ப்பது இதைத்தான். அவர்களில் சிலரே சனல் வைத்திருக்கவும் கூடும். ஒரு விரிவுரை முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் அரிசி கிடைக்காது என்ற நிலையில் ஒருவர் தரும் சம்மதம் சம்மதமா என்று அவர்களையே பேச விடுங்கள். எனக்கு இதில் இரண்டு கருத்து இல்லை.

துல்லியம் என்பது பத்திரிகைக் கல்லூரிச் சம்பிரதாயம் என்று அந்த மாணவி நினைத்தால் திருகோணமலையைச் சொல்லுங்கள். 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றுதான் படைத்தரப்பு சொன்னது. நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் 'சுடர் ஒளி' பத்திரிகையில் வந்தன. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் என்பது அந்தப் படங்களில் தெரிந்தது. அந்தப் படங்களுக்கு உரத்த வார்த்தை ஒன்றும் தேவைப்படவில்லை. காயம் தெரியும்படி அவர் படம் எடுத்திருந்தார். அதே மாதம் 24ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் பெயர் தெரியாமல் வன்னியில் ஒரு பிள்ளை இதழியல் படித்து வெளியேறக் கூடாது.

பாடத்திட்டத்தில், முக்கியமானதை முதலில் எழுதும் 'தலைகீழ்ப் பிரமிட்' முறை எல்லாம் இருக்கும். அது இரண்டு வகுப்பில் முடிந்துவிடும். ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சேருங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு மாணவரும் தன் ஊர் அலுவலகம் ஒன்றுக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் போடட்டும். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். பதில் இல்லையென்றால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே தகவலறியும் உரிமை ஆணைக்குழு இருக்கிறது. அரையாண்டின் முதல் கிழமையிலேயே போட்டால்தான் பரீட்சைக்கு முன் ஏதாவது கையில் வரும். வராவிட்டாலும் சரி, ஏன் வரவில்லை என்பதே அந்தப் பிள்ளையின் செய்தி.

வீட்டுப் பயம் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைச் சின்ன விசயமாக நினைக்க வேண்டாம். 2020 ஒக்டோபரில் முல்லைத்தீவு முறிப்புப் பகுதியில் சட்டவிரோத மரம் வெட்டுதலைப் படம் எடுக்கப் போன நிருபர்கள் இருவர் தாக்கப்பட்டார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கே அது நடந்தது. ஆகவே காடு, மணல், படைமுகாம், காணிப் பிணக்கு என்பவற்றை ஒப்படையாகக் கொடுக்காதீர்கள். புள்ளிக்காக ஒரு பிள்ளை ஆபத்துக்குள் போகக் கூடாது. எங்கே அனுப்பினாலும் இருவராக அனுப்புங்கள், பல்கலைக்கழகக் கடிதம் கையில் இருக்கட்டும். யாராவது வந்து பெயர், விலாசம் கேட்டு எழுதினால் அன்று பின்னேரமே உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். நீங்கள் அதைத் திகதியோடு எழுதி வையுங்கள். பெற்றோரை ஒரு நாள் கூப்பிட்டு, பிள்ளைகள் எங்கே போகிறார்கள், எங்கே போக மாட்டார்கள் என்று நீங்களே நேரில் சொன்னால் பாதிப் பயம் தணியும். அம்மாக்களின் பந்தலுக்குப் போவதை மூன்றாம் வருடம்வரை தள்ளி வைக்கலாம் என்பது என் எண்ணம். போகிற முதல் நாள் நீங்களும் கூடப் போங்கள்.

கேள்வி கேட்ட மாணவிக்கு பஸ் ஒப்படையையே கொடுங்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் ஒரு பிள்ளை கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் எப்படி வீடு போகிறாள், பின்னேர வகுப்பை எத்தனை பேர் அதனால் விட்டார்கள் என்று பெயரும் நேரமும் தூரமும் போட்டு எழுதட்டும். அது எங்கட சனத்தின்ர கதையா இல்லையா என்று எழுதி முடித்த பிறகு அவளிடமே கேளுங்கள். சம்மதித்தால் கட்டுரையை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், வாசித்துத் திருத்தங்களோடு திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணா