சம்பளத்தை நிறுத்தினால் யார் வருவார்கள்?

கேள்வி: எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் தங்கள் சம்பளத்தைத் தாங்களே உயர்த்திக்கொண்டு மேஜையைத் தட்டுகிறார்கள். மக்கள் சேவைக்கு என்று வந்தவர்களுக்குச் சம்பளம் எதற்கு? காமராஜரும் கக்கனும் பணத்துக்காகவா வந்தார்கள்? சம்பளத்தை அடியோடு ரத்து செய்தால் நல்லவர்கள் மட்டும்தானே வருவார்கள்?

பதில்: வசதியானவர்கள் மட்டும் வருவார்கள். இது என் யூகமில்லை, நடந்து பார்த்த கதை. பிரிட்டனில் 1911 வரை சாதாரண எம்.பி.க்குச் சம்பளம் கிடையாது. சபை நிறைய நிலப்பிரபுக்களும் ஆலை முதலாளிகளும் பெரிய வக்கீல்களும்தான். சுரங்கத் தொழிலாளி ஒருவர் ஜெயித்து வந்தால் அவருக்குச் சோறு போட வேண்டியது அவருடைய சங்கம். அதனால்தான் 1838இல் ஓட்டுரிமை கேட்டுப் போராடிய தொழிலாளர்களின் சாசன இயக்கத்தார் வைத்த ஆறு கோரிக்கைகளில் ஒன்று, எம்.பி.க்குச் சம்பளம் கொடு என்பது. ஏழைகள் கேட்டு வாங்கிய உரிமை அது. 1909இல் தொழிற்சங்கப் பணத்தை அரசியலுக்குச் செலவிடக் கூடாது என்று, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்ல, தொழிலாளர் எம்.பி.க்களின் பாடு திண்டாட்டமானது. இரண்டு ஆண்டு கழித்து, வருடத்துக்கு 400 பவுண்டு என்று அரசே தர ஆரம்பித்தது. நீங்கள் கேட்பதை நிறைவேற்றினால் நாம் 1911க்கு முந்தைய லண்டனுக்குப் போய்ச் சேருவோம்.

காமராஜரும் கக்கனும் பதவிக்குரிய சம்பளத்தில் வாழ்ந்தவர்கள்தான். அதற்கு மேல் எதையும் தொடவில்லை என்பதுதான் அவர்களுடைய பெருமை. தவிர, அந்த இருவர் பெயரைச் சொல்லாமல் நம் ஊரில் அரசியல் நேர்மை பற்றிப் பேச முடிவதில்லை. அதுவே கொஞ்சம் கவலைக்குரிய விஷயம்.

இப்போது கணக்குக்கு வருவோம். 2025 மார்ச்சில் எம்.பி. சம்பளம் மாதம் ஒரு லட்சத்திலிருந்து 1,24,000 ரூபாயாக உயர்ந்தது. தொகுதிப் படி, அலுவலகப் படி எல்லாம் தனி. சம்பளத்தை மட்டும் ஐந்து வருடத்துக்குப் பெருக்கினால் 74 லட்சத்து 40 ஆயிரம். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலத்தில் ஒரு மக்களவை வேட்பாளர் செலவழிக்கலாம் என்று 2022இல் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு 95 லட்சம். அதாவது கணக்கில் காட்டக்கூடிய செலவே, மொத்தச் சம்பளத்தைவிட 20 லட்சம் அதிகம். கணக்கில் காட்டாத செலவை உங்கள் தெருவில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சம்பளத்துக்காக ஒருவர் அரசியலுக்கு வருகிறார் என்றால் அவருக்குக் கூட்டல் கழித்தல் தெரியாது என்று அர்த்தம்.

உண்மையில் நம் கோபம் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிறது. கீழே குனிந்து பார்ப்பதில்லை. சாக்கடை, குடிநீர், தெருவிளக்கு என்று தினமும் வாசலில் நின்று திட்டு வாங்குபவர் வார்டு உறுப்பினர். 2023 ஜூலையில் தமிழக அரசு இவர்களுக்கு மாத மதிப்பூதியம் அறிவித்தது. மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000 ரூபாய். நகராட்சியில் 5,000. பேரூராட்சியில் 2,500. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயில் எந்தக் குடும்பம் நடக்கும்? வேறு வருமானம் உள்ளவர் வரலாம், அல்லது கான்ட்ராக்டரிடம் 'கவனிப்பு' எதிர்பார்ப்பவர் வரலாம். இரண்டும் இல்லாத ஒரு பள்ளி ஆசிரியரின் விதவையோ, தையல் வேலை செய்பவரோ எப்படி வருவார்? சம்பளம் கூட்டினால் லஞ்சம் ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஒழியாது. ஆனால் லஞ்சம் வாங்காமல் இருக்க நினைப்பவருக்கு ஒரு வழியாவது வேண்டும்.

உங்கள் ஆத்திரத்தில் ஒரு பாதி முழுக்க நியாயம். தன் சம்பளத்தைத் தானே முடிவு செய்வது. அரசியல் சாசனம் 106ஆவது பிரிவில் நாடாளுமன்றத்துக்கும், 195ஆவது பிரிவில் சட்டமன்றத்துக்கும் இந்த வசதியைக் கொடுத்திருக்கிறது. தமிழகத்தில் 2017இல் எம்.எல்.ஏ.க்களின் மாத ஊதியமும் படியும் சேர்ந்து 55,000இலிருந்து 1,05,000 ஆனது. அதற்கான மசோதா 2018 ஜனவரியில் சபைக்கு வந்தபோது, அரசுப் பேருந்து ஊழியர்கள் ஊதியம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். அவர்களிடம் நிதி நெருக்கடி பற்றிப் பேசிய அதே அரசு! மத்தியில் 2018இல் எம்.பி. சம்பளத்தை 50,000இலிருந்து ஒரு லட்சமாக்கி, இனி ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டுப்படி தானாக ஏறும் என்று விதித்தார்கள். அது பரவாயில்லை. ஆனால் முதலில் இரட்டிப்பாக்கிக்கொண்டு பிறகு குறியீட்டுக்குப் போனார்கள் பாருங்கள், அங்கேதான் சாமர்த்தியம்.

வழி இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 2009இல் எம்.பி.க்களின் பொய்ச் செலவுக் கணக்குகள் அம்பலமான பிறகு, சம்பளத்தையும் செலவையும் முடிவு செய்ய ஒரு தன்னாட்சி ஆணையம் வைத்துவிட்டார்கள். அமெரிக்க சாசனத்தின் 27ஆவது திருத்தம் இன்னும் எளிது: இன்றைக்கு ஓட்டுப் போட்டு உயர்த்திய சம்பளம், இடையில் ஒரு தேர்தல் நடந்த பிறகே அமலாகும். 1789இல் முன்மொழிந்தது, 1992இல்தான் நிறைவேறியது. தங்கள் பையைத் தொடும் விஷயத்தில் மக்கள் பிரதிநிதிகள் எந்த நாட்டிலும் அவசரப்படுவதில்லை போலும்.

ஓய்வூதியம் இதைவிட மோசம். எம்.பி.யாக ஐந்தாண்டை முடித்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மாதம் 31,000 ரூபாய் உண்டு, ஐந்தாண்டுக்கு மேல் இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 2,500 கூடுதல். 2003 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த தமிழக அரசு ஊழியரைப் பழைய ஓய்வூதியத்திலிருந்து வெளியேற்றியவர்கள் தங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டார்கள். பஞ்சாபில் எத்தனை முறை எம்.எல்.ஏ.வாக இருந்தாலும் ஒரே ஓய்வூதியம்தான் என்று 2022இல் சட்டம் போட்டார்கள்.

சரி, வாங்குகிற சம்பளத்துக்கு என்ன வேலை? சட்டம் இயற்றுவது, வரவு செலவைக் கேள்வி கேட்பது, பொதுக் கணக்குக் குழு போன்றவற்றில் உட்கார்ந்து கோப்புகளைக் கிளறுவது. உங்கள் எம்.எல்.ஏ. கடைசியாக எந்த மசோதா மீது பேசினார்? தெரியாது. அவர் எத்தனை காதுகுத்துக்கு வந்தார் என்பது தெரியும். நாமும் அவரைக் கல்யாணத்துக்கும் துக்க வீட்டுக்கும் டிரான்ஸ்பர் சிபாரிசுக்கும்தான் தேடுகிறோம்.

தப்புச் செய்தால் தண்டனை உண்டு. கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 எம்.பி.க்களை 2005 டிசம்பரில் நாடாளுமன்றமே வெளியேற்றியது. இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால் பதவி உடனே போகும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வேலையே செய்யாதவருக்கு? அனுமதியில்லாமல் 60 நாள் சபைக்கு வராவிட்டால் இடம் காலி என்று சபை அறிவிக்கலாம். 'கலாம்'தான். இடையில் ஒரு நாள் தலைகாட்டினால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து. வந்தவரும் 1985 கட்சித் தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு கொறடா சொல்கிறபடிதான் ஓட்டுப் போட வேண்டும்.

அந்த ஓட்டாவது நமக்குத் தெரிகிறதா? பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடுகின்றன. 'ஆம்' என்பவர்கள் ஆம் என்க, அவ்வளவுதான். யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்று எந்த ஏட்டிலும் பெயர் ஏறுவதில்லை. மற்றதை விடுங்கள், சம்பள மசோதாவுக்கு மட்டுமாவது ஒவ்வோர் உறுப்பினர் பெயரையும் பதிவு செய்து வாக்கெடுக்கச் சொல்லிக் கேளுங்கள். யார் 'இல்லை' என்றார் என்பது தெரியும். அவர் அடுத்த மாதம் கூடுதல் தொகையை வாங்கிக்கொண்டாரா என்பதையும் கையோடு பார்த்துவிடலாம்.