ரெய்டைக் கட்டளையில் மாற்றும்போது: கேள்வி பதில்

டர்பனில் எங்கள் சங்கத்தின் காவடி, புரட்டாசிப் படங்களும் வீடியோக்களும் ஒரு லினக்ஸ் கணினியின் ரெய்டு தொகுப்பில்தான், அதாவது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாகப் பயன்படுத்தும் அமைப்பில்தான், இருக்கின்றன. அதைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்பவன் என்பதால் கேள்விகள் என்னிடம் வந்துவிடும். இந்த முறை எல்லாமே லினக்ஸில் ரெய்டை அமைக்கவும் மாற்றவும் உதவும் எம்டிஏடிஎம் (mdadm) கட்டளையைப் பற்றியவை.

செட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, மூன்று 4 டெராபைட் டிஸ்க் போட்ட ரெய்டு 5 (ஒரு டிஸ்க் கெட்டாலும் தரவு தப்பும் வகை). இடம் தீர்ந்துவிட்டது, நான்காவதும் வாங்கியாச்சு. உள்ளே இருப்பது அழியாமல் சேர்க்க முடியுமா?

முடியும் தம்பி. முதலில் 'ஆட்' (add) கட்டளை. புது டிஸ்க் உபரியாக உள்ளே வந்து நிற்கும், இடம் இன்னும் கூடாது. அப்புறம் 'க்ரோ' (grow) கட்டளையில் ரெய்டு-டிவைசஸ் (டிஸ்க் எண்ணிக்கை) 4 என்று கொடுங்கள். அப்போதுதான் தரவு நான்கு டிஸ்க்குக்கும் பரவத் தொடங்கும். 8 டெராபைட் 12 ஆகும்.

ஆனால் அதற்கு முன்னால் பழைய மூன்றையும் டிஸ்க்கின் நலம் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கொண்டு பாருங்கள். 'கரண்ட் பெண்டிங் செக்டர்' (படிக்கச் சிரமப்படும் பகுதிகளின் எண்ணிக்கை) வரியில் பூஜ்யம் இல்லையென்றால் க்ரோ வேண்டாம், அந்த டிஸ்க்கை முதலில் மாற்றுங்கள். பழைய டிஸ்க்குகளை மூலைமுடுக்கு விடாமல் படிக்கும் வேலை இது. நோஞ்சான் டிஸ்க் இதன் நடுவில்தான் படுக்கும். முக்கியமானதை வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டே ஆரம்பியுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: க்ரோ ஓடிக்கொண்டிருந்தபோது 38 சதவீதத்தில் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ்ஸும் தாங்கவில்லை. எல்லாம் போச்சா?

போகவில்லை அக்கா, பதறாதீர்கள். லோட் ஷெட்டிங் காலத்தில் இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். எதுவரை நகர்த்தியது என்பதை ஒவ்வொரு டிஸ்க்கின் சூப்பர்பிளாக்கிலும் (ரெய்டு தன் விவரங்களைக் குறித்துவைக்கும் பகுதி) எழுதிக்கொண்டேதான் வேலை நடக்கிறது. கணினியை ஏற்றி, ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் (/proc/mdstat) கோப்பைப் பாருங்கள். பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து தானே ஓடும். ரீட்-ஒன்லி (படிக்க மட்டும்) என்று நின்றால் 'ரீட்ரைட்' (readwrite) கட்டளை கொடுங்கள். ஆரம்பிக்கும்போது பேக்கப் ஃபைல் கொடுத்திருந்தால், அசெம்பிள் செய்யும்போதும், அதாவது இருக்கும் டிஸ்க்குகளைச் சேர்த்துத் தொகுப்பை மறுபடி எழுப்பும்போதும், அதே கோப்பைக் கேட்கும். அந்தக் கோப்பு ரெய்டுக்கு வெளியே இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: புதுத் தொகுப்பை உருவாக்கும் 'க்ரியேட்' (create). தொகுப்பு ஏறவில்லையே என்ற தவிப்பில் பலர் அதை அடித்துவிடுகிறார்கள். அது சூப்பர்பிளாக்கைப் புதிதாக எழுதும், எங்கே விட்டது என்ற குறிப்பு அழிந்துபோகும். மின்வெட்டில் பிழைத்த தரவு இந்த ஒரு வார்த்தையில் போய்விடும்.

பீனிக்ஸிலிருந்து: க்ரோ முடிய எவ்வளவு நேரம்? ரொம்ப மெதுவாகப் போகிறது.

வினாடிக்கு 50 மெகாபைட் என்றால் 4 டெராபைட் டிஸ்க்குக்கு ஏறக்குறைய 22 மணி நேரம். ஸ்பீடு-லிமிட்-மின் (speed_limit_min) என்ற குறைந்தபட்ச வேக அமைப்பு வினாடிக்கு 1000 கிலோபைட்டில் இருக்கும். ராத்திரி வேலையில்லாத நேரத்தில் 50000 வரை ஏற்றிப் பாருங்கள்.

செட்ஸ்வொர்த் தம்பி மறுபடி: க்ரோ முடிந்துவிட்டது, ஆனால் இடத்தைக் காட்டும் டிஎஃப் (df) கட்டளை இன்னும் பழைய அளவையே காட்டுகிறதே?

ரெய்டு வளர்ந்தது, அதன் மேலிருக்கும் ஃபைல்சிஸ்டம் (கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பு) வளரவில்லை. அது இஎக்ஸ்டி4 (ext4) வகை என்றால் ரீசைஸ்2எஃப்எஸ் (resize2fs), எக்ஸ்எஃப்எஸ் (xfs) வகை என்றால் எக்ஸ்எஃப்எஸ்-க்ரோஎஃப்எஸ் (xfs_growfs) கட்டளை கொடுத்து வளர்க்க வேண்டும். எம்டிஏடிஎம் அமைப்புக் கோப்பில் டிஸ்க் எண்ணிக்கை 3 என்று எழுதியிருந்தால் அதையும் திருத்துங்கள்.

மெர்பேங்கிலிருந்து: கெட்டுப்போன டிஸ்க் எஸ்டிபி (sdb, லினக்ஸ் டிஸ்க்குக்கு வைக்கும் பெயர்) என்கிறது. பெட்டியில் இரண்டாவதை உருவினால் சரிதானே?

வேண்டாம் தம்பி! கணினியை மறுபடி ஏற்றினால் எஸ்டிபி எஸ்டிசி ஆகலாம். நான் அப்படித்தான் ஒருமுறை நல்ல டிஸ்க்கை உருவினேன். ஏற்கெனவே ஒன்று கெட்டிருந்ததால் தொகுப்பு அங்கேயே நின்றுவிட்டது. 'எக்ஸாமின்' (examine) கட்டளை போட்டு ஒவ்வொன்றின் ஈவென்ட் எண்ணையும் (தொகுப்பில் மாற்றம் நடக்க நடக்கக் கூடும் எண்) தாளில் எழுதினேன். உருவியதற்கும் மற்றவைக்கும் இரண்டோ மூன்றோதான் வித்தியாசம். அதனால் கட்டாயமாகச் சேர்க்கச் சொல்லும் 'அசெம்பிள் ஃபோர்ஸ்' கொடுத்ததும் தொகுப்பு எழுந்தது. அன்று சாயந்தரமே எல்லா டிஸ்க்கையும் வெளியே எடுத்து, சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை டேப்பில் எழுதி முகப்பில் ஒட்டினேன். ஸ்மார்ட்சிடிஎல் காட்டும் எண்ணும் டேப்பில் உள்ளதும் ஒத்துப்போனால் மட்டும் கை வையுங்கள்.