மாத்திரைதான் வந்துவிட்டதே?

அன்புள்ள சார்,
வியாசர்பாடியில் வளர்ந்தவள் நான். பொது சுகாதாரத்தில் முதுகலை படிக்கிறேன். வடசென்னையில் எச்.ஐ.வி. தடுப்பு பற்றி ஆய்வு செய்ய ஆசை. “வேற நோயே கிடைக்கலையா உனக்கு?” என்கிறார் அம்மா. மாத்திரைதான் இலவசமாகத் தருகிறார்களே, இனி ஆராய என்ன இருக்கிறது என்கிறான் தம்பி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?
(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள வாசகிக்கு,

தம்பி சொல்வது பாதி சரி. 2004 ஏப்ரலில் அரசு எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது, தாம்பரம் நெஞ்சக மருத்துவமனை முதல் மையங்களில் ஒன்று. மருந்தைச் சீக்கிரம் ஆரம்பித்தால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. சென்னைத் தம்பதிகளும் அதில் இருந்தார்கள். ஆக, மாத்திரையே தடுப்பும்தான்.

மீதிப் பாதிதான் உங்கள் வேலை. விசைப்படகில் மீன்பிடிக்கப் போன காசிமேட்டுக்காரர், மாத்திரை வாங்கவேண்டிய தேதியில் கரையில் இருக்க மாட்டார். ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்க, தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பீச் ஸ்டேஷனில் ரயிலேறித் தாம்பரம் போகிறவர்களும் உண்டு. இதற்கு எந்த மாத்திரை?

அம்மாவிடம் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் மாணவி. எய்ட்ஸ் ஆய்வு என்றதும் தயங்கியவரை, செய் என்று தூண்டியது கணவர்தான். ரத்தம் எடுக்கப் போகும்போது ஸ்கூட்டரில் கொண்டுபோயும் விட்டார். ரத்த மாதிரிகள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தன (இதை அம்மாவிடம் சொல்லாமல் விட்டாலும் சரி). 1986இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. இந்தியாவில் கண்டறிந்தது அதுவே முதல்முறை.

அந்தக் கதையில் ஒன்று எனக்கு உறுத்தும். ரத்தம் கொடுத்தவர்கள், பாலியல் தொழில் செய்ததாகப் பிடிபட்டுக் காவல் இல்லத்தில் இருந்த பெண்கள். எதற்கான சோதனை என்று அவர்களிடம் சொல்லவில்லை. டாக்டர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அந்த ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை. இன்று சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனால் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உட்கார்ந்து நிதானமாகப் புரியவைக்க உங்களுக்கு வடசென்னைப் பேச்சு கைகொடுக்கும்.

அப்புறம் ஒரு சங்கடம். ஸ்டான்லியைத் தவிர்க்கிறவர், அதே காரணத்துக்காக உங்களையும் தவிர்ப்பார். அதனால் சொந்தத் தெருவில் ஆய்வு வேண்டாம்; தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பாருங்கள். தலைப்பை முடிவு செய்வதற்கு முன் ஏதாவதொரு நம்பிக்கை மையத்து (எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் தரும் அரசு மையம்) ஆலோசகரிடம் பேசுங்கள். யார் யார் வராமல் நின்றுபோகிறார்கள், எந்த மாதங்களில் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.